நல்லவாட்டு மைக் செட்

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பிரெஞ்சுத் தெருக்களோடு திரும்பிவிடுகிறார்கள். நான் கடலூர் பஸ் பிடித்துத் தவளக்குப்பத்தில் இறங்கினேன். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் ஆட்டோவில் போனால் நல்லவாடு, மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியிலிருந்து இந்த ஊர் எப்படித் தப்பியது என்று படித்ததிலிருந்தே, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இந்த ஊர்க்காரர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம், கடல் பொங்குகிறது என்று செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். அந்தக் காலத்தில் இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007-இல். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் என்ற தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து உள்ளே போய், மைக்கைப் போட்டு, எல்லாரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும்தான் போயின.

அந்தப் போனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த மைக் செட் அங்கே எப்படி வந்தது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

1998-இல் புதுச்சேரி கிராமங்களில் அந்த நிறுவனம் தகவல் மையங்களைத் தொடங்கியது. தலைமையிடம் வில்லியனூர். மையத்துக்கான இடத்தை ஊரே இலவசமாகத் தர வேண்டும். எந்தச் சாதிக்காரரும், ஆணோ பெண்ணோ, தடையில்லாமல் வந்து போக வேண்டும். அதுதான் நிபந்தனை. நடத்தியவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். வயல்காட்டு ஊர்களில் விளைபொருள் விலை, அரசு உதவித் திட்டங்கள் என்று சொல்வார்கள். கடலோரத்தில் முக்கியமான செய்தி அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் போடும் கணிப்பை எடுத்துத் தமிழாக்கிக் குழாய் ஒலிபெருக்கியில் வாசித்துவிடுவார்கள். கரையில் வலை கட்டிக்கொண்டிருப்பவர் கணினியைத் தொடவே வேண்டாம்.

வலைக்கூடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கிழிசலில் ஊசியை விட்டு விட்டு முடிச்சுப் போட்டார். கண் என் மேல் இருந்தாலும் கை தன்பாட்டுக்கு ஓடியது. "அப்பல்லாம் தெனமும் சொல்லுவாங்க தம்பி, அலை எவ்ளோ ஒசரம், காத்து எப்பிடின்னு. கேட்டுக் கேட்டுப் பழக்கமாயிடுச்சு" என்றார்.

அவர் சொன்ன பழக்கம்தான் விஷயம் என்று நினைக்கிறேன். தினமும் கேட்டு, கடலுக்குப் போய்ச் சரிதானா என்று பார்த்து, நம்பிய குழாய் அது. ஆபத்து வந்த நாளில்தான் முதன்முதலாகப் பேசியிருந்தால், யார் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்பதிலேயே நேரம் போயிருக்கும்.

இப்போது காற்றும் அலையும் போனுக்கே வருகின்றன. இதே நிறுவனம் மீனவர்களுக்கென்று ஃபிஷர் ஃபிரெண்ட் என்ற செயலியைக் கொண்டுவந்திருக்கிறது. பெரியவரின் மகன் போனைப் பாலிதீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரையை விட்டு ரொம்ப தூரம் போனால் சிக்னல் போய்விடும். 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. கரையிலும், மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பும் அம்மாக்கள் எத்தனை பேர் செயலி பார்ப்பார்கள்? செயலி வந்துவிட்டது என்பதற்காக ஊர்க் குழாயை எங்கேயும் கழற்றிவிடக் கூடாது. அதில் செய்தி வாசிக்க ஒரு உள்ளூர்ப் பெண்ணுக்குக் கொடுக்கிற சம்பளம் பெரிய செலவே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். படகுகள் வந்து மீன் ஏலம் முடிந்தால், அப்புறம் வலைக்கூடத்தில் நிதானமாகப் பேச ஆள் கிடைப்பார்கள். திரும்பும்போது வீராம்பட்டினத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அலை உயரத்தைக் குழாயில் கேட்டுப் பழகிய ஊர்தான் அதுவும்.