பெந்தோட்டையிலிருந்து காலி வரை: சுனாமி அடித்த கரையில் மூன்று நாள் நடை

கொழும்பிலிருந்தே நடக்கத் தொடங்க வேண்டாம். பாணந்துறை வரை பல இடங்களில் வீடுகளும் கருங்கல் அணைகளும் கரையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. கொழும்புக் கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறிப் பெந்தோட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து காலிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர். முதல் இரவு பலப்பிட்டி, அடுத்த இரவு ஹிக்கடுவை.

இரண்டு நாளிலும் முடிக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் ஊர்க்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. 2011 சுனாமி அழித்த ஜப்பானின் வடகிழக்குக் கரையில், ஹச்சினோஹே முதல் சோமா வரை 1,000 கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் மிச்சினொக்கு நடைபாதையை மீட்சிப் பணியாகவே அமைத்து, 2019இல் முழுமையாகத் திறந்தார்கள். காரில் போகிறவர் நிற்காத சிற்றூரில் நடப்பவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். இங்கும் அதே கணக்குத்தான். பையில் 2 லீற்றர் தண்ணீர், மழையங்கி, கொப்புளத்துக்கு ஒட்டுப்பட்டி போதும். செவ்விளநீர், மதியச் சோறு, தும்புக் கயிறு, அம்பலாங்கொடை முகமூடி எல்லாம் வழியில் வாங்குங்கள். சில்லறைத் தாள்கள் நிறைய இருக்கட்டும். ஊர்க்காரருக்குக் கொடுக்கவென்று பழைய உடுப்பு மூட்டை தயவுசெய்து வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அலை மணலைத் தின்றுவிடும், நடக்க இடமிருக்காது. விடியலில் கிளம்பி 11 மணிக்கு நிழலுக்குப் போய்விடுங்கள். அலை நனைத்த இறுகிய மணலில் நடந்தால் கால் புதையாது. ஆனால் கரை சரிவாக இருந்தால் ஒரே கணுக்கால் சுமை தாங்கி வீங்கும். அங்கே கொழும்பு–காலி வீதிக்கு ஏறுங்கள். வீதியில் கடற்பக்கமாகவே நடந்தால் எதிரே வரும் பஸ் கண்ணுக்குத் தெரியும். தண்டவாளத்தில் நடக்கவே வேண்டாம்: அலை இரைச்சலில் ரயில் சத்தம் கேட்காது. பலப்பிட்டியில் மாது கங்கை, ஜின்தோட்டையில் ஜின் கங்கை என ஆறுகள் குறுக்கிடும். முகத்துவார மணல்திட்டு ஆழமில்லாததுபோல் தெரிந்தாலும் நீரோட்டம் இழுத்துவிடும். பாலத்தால் மட்டும் கடக்கவும்.

அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில் பெரலிய. 2004 டிசம்பர் 26 அன்று மாத்தறைக்குப் போன ரயிலை அலை புரட்டியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். முதல் அலைக்குப் பின் ஊர்மக்கள் பலர் பெட்டிகளில் ஏறியும் அவற்றின் மறைவில் நின்றும் உயிர் தப்பலாம் என்று நம்பியிருந்தார்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிது. கனமான எதுவும் காப்பு ஆகாது. சுமாத்ராவில் நிலம் நடுங்கினால் இங்கே உணரவே முடியாமலும் போகலாம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் பையைப் போட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம், மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்பியூலன்ஸ் 1990.

பெரலிய நினைவிடத்தைச் சுற்றியிருப்பவர்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் உண்டு. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், துருவ வேண்டாம். பக்கத்துத் தெல்வத்தையில் சுனாமிப் புகைப்படக் காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, உண்டியலில் தாராளமாகப் போடுங்கள்.

இந்தக் கரையில் பெரும்பாலும் சிங்களம்தான். "சைவச் சாப்பாடு", "இரவு தங்க அறை" போன்றவற்றைச் சிங்களத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜின்தோட்டையிலும் காலிக் கோட்டையிலும் முஸ்லிம் கடைகளில் தமிழ் பேசலாம். திரும்பும் ரயில் ஞாயிறு மாலையில் நிரம்பி வழியும், திங்கள் காலையைப் பாருங்கள்.