முந்நூறு புள்ளியும் மூன்றடி தூரமும்

ரங்கூனில் படம் பிரிண்ட் போடும் கடையொன்றில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிற படங்களில் கணிசமானவை இறந்துபோனவர்களுடையவை. கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கைப்பேசியை நீட்டி, மாலை போட்டு மாட்டும் அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்பார்கள். 2014இல் சிம் கார்டு 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இங்கே வீட்டுக்கு வீடு கைப்பேசிப் படங்கள் பெருகின. அதற்கு முன் எடுத்தவை என்றால், யாரோ ஒரு உறவினர் மலிவான டிஜிட்டல் கேமராவில் எடுத்து, சிடியில் போட்டுக் கொடுத்த 640க்கு 480 பிக்சல் (நிறப்புள்ளி) படங்கள்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

அந்த அளவுப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சிட்டால், அகலம் இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டும். கைப்பேசித் திரையை நிறைத்து நிற்கிற படம் காகிதத்தில் அவ்வளவுதான் வரும் என்றால் யாரும் நம்புவதில்லை. விவரம் தெரிந்த இளைஞர்கள் சிலர், கோப்பில் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றிருந்த எண்ணை மட்டும் 300 என்று மாற்றிவிட்டுப் பெருமையோடு கொண்டு வருவார்கள். அளவுகோலில் கோடுகளை நெருக்கி வரைந்தால் துணி நீளமாகிவிடுமா?

மென்பொருளைக் கொண்டு பெரிதாக்கலாம். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். ஒரு படத்தின் நீள அகலங்களை இரட்டிப்பாக்கினால் பிக்சல்கள் நான்கு மடங்காகும், அதாவது நான்கில் மூன்று நாமே இட்டு நிரப்பியவை. பைகியூபிக் என்கிற பெரிதாக்கும் முறை சுற்றியுள்ள பதினாறு பிக்சல்களைப் பார்த்து இடைப்பட்ட நிறத்தைக் கணக்கிடும். படம் சற்று மங்கலாக வரும், ஆனால் இல்லாத எதையும் சேர்க்காது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக் கோப்பில் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கிய தடம் இருக்குமாதலால், அதை முதலில் மென்மையாக்கிவிட்டுப் பெரிதாக்கி, கூர்மையூட்டுவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். வரிசை மாறினால் முகத்தில் தரை ஓடு பதித்ததுபோல் கட்டங்கள் எழும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் ஒருமுறை தவறினேன். தாயை இழந்த ஒரு பெண், திருவிழாவில் பத்துப் பேர் சேர்ந்து நின்ற படத்தைக் கொண்டு வந்தார். அரட்டைச் செயலி வழியாகக் கைமாறிக் கைமாறி வந்ததால் 1280க்கு 960 ஆகச் சுருங்கியிருந்தது. அதில் அந்த அம்மாளின் முகம் 110 பிக்சல் அகலம். மின்சாரம் இருக்கிற நேரத்துக்குள் முடித்துவிடும் அவசரத்தில், செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் மென்பொருளிடம் அதைக் கொடுத்தேன். வந்த முகத்தைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது. இமை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மறுநாள் அந்தப் பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்லண்ணே" என்றார்.

பழைய கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் தனக்கா பூசியிருந்தார். மரப்பட்டையைக் கல்லில் இழைத்து, விரலால் வட்டமாகப் பூசுகிற பூச்சு அது. காய்ந்தபின் விரல் போன தடம் வெளிறிய கோடுகளாகத் தெரியும். மென்பொருள் அதைக் கறை என்று எடுத்துக்கொண்டு பாதியை மழுங்கத் துடைத்து, மீதியைத் தோல் சுருக்கங்களாக மாற்றியிருந்தது. லேசாகக் கோணியிருந்த ஒரு முன்பல்லும் நேராகியிருந்தது. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய கருவி, தெரியாத இடத்தில் பொதுவான ஒரு முகத்தை வைத்துவிட்டது. பொய் சொல்லுகிறோம் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தை எடுத்தவர் யார் என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பகோவில் இருக்கிற தம்பியின் பழைய கைப்பேசி மெமரி கார்டில் மூலக் கோப்பு கிடந்தது: 3264க்கு 2448. முகம் 280 பிக்சல். மூன்று அங்குல அகலத்தில் முகம் வருமாறு அச்சிட்டால் அங்குலத்துக்கு 93 புள்ளி. கையில் வைத்துப் பார்க்க அது போதாது என்றாலும், சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு ஏறத்தாழ 95 புள்ளியே போதும். பளபளப்பில்லாத காகிதத்தில், மேலே நுண்புள்ளிகளாக மெல்லிய பொரிபொரிப்புச் சேர்த்து, சுற்றிலும் அகலமாக வெள்ளை அட்டை மவுண்ட் வைத்துக் கொடுத்தேன். மங்கலை மறைக்க அந்தப் பொரிபொரிப்பு எவ்வளவு உதவுகிறது என்பது பிலிம் காலத்தில் படம் கழுவியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

அந்தப் பெண் படத்தை வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோனார். நான் அதை வாங்கி எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். கன்னத்தில் இருந்த விரல் தடத்தை அவர் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதையே இன்னும் கொஞ்சம் பெரிசா போட முடியுமாண்ணே?" என்று கேட்டார்.