சிட்டையும் பேரேடும்

வேலை தொடங்கிய அன்று கைக்கு வந்தது ஒரு பென்டிரைவ். மாநில அரசின் துறை ஒன்று, தன் பணி விதிகளையும் உரிம விதிகளையும் மக்கள் தேடிப் படிக்கிற மாதிரி இணையத்தில் போட எங்கள் நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. நிறுவனம் சென்னையில். நான் காரைக்குடி செக்காலையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

பென்டிரைவ் முழுக்கப் பிடிஎஃப். பாதி ஸ்கேன் செய்தவை, லேசாகச் சாய்ந்து, ஓரத்தில் பஞ்ச் ஓட்டையின் நிழலோடு. மீதி கணினியில் அடித்தவை. அவற்றைப் பார்த்ததும் வேலை சுலபம் என்று நினைத்தேன். ஒரு வரியை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால், ‘அரசு’ என்ற சொல் எம், யூ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்தாக வந்து விழுந்தது.

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்தால் அப்படித்தான். கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. தேடினால் கிடைக்காது. 2010-ல் தமிழ்நாடு அரசு, கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே பதிகிற யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தர நிலையாக அறிவித்தது. ஆனால் விதிகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே அடித்து வைத்தவை. மாற்றுவதும் எழுத்துக்கு எழுத்து வைக்கிற வேலை இல்லை. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துரு நம் கண் பார்க்கிற வரிசையிலேயே வைத்திருக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஸ்கேன் பக்கங்களில் இன்னொரு தொல்லை. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற மென்பொருள், அச்சு தேய்ந்த இடத்தில் துணைக்காலை ‘ர’ என்று படித்துவிடும். மூன்று மாதம் இதிலேயே போனது. ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம். விதி என்பது ஒரு எழுத்து மாறினால் ஒருவருடைய வேலையோ உரிமமோ போய்விடக்கூடிய எழுத்து. அதனால் அந்த மூன்று மாதத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை.

எழுத்து சரியான பிறகுதான் உண்மையான சிக்கல் கண்ணில் பட்டது. மூல விதிகள் ஒரு அரசாணையில் இருக்கும். அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆணை. அவற்றின் நடை இப்படி: “மேற்படி விதிகளில், 7ஆம் விதியில், ‘முப்பது நாட்கள்’ என்னும் சொற்களுக்குப் பதிலாக ‘அறுபது நாட்கள்’ என்னும் சொற்கள் அமைக்கப்படுதல் வேண்டும்.” இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என்ன புரிந்துகொள்வார்? மூலத்தையும், நடுவில் வந்த அத்தனை திருத்தங்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு படித்தால்தான் இன்றைக்கு விதி என்ன சொல்கிறது என்று தெரியும்.

துறை எதையும் மறைக்கவில்லை. எல்லாமே அரசிதழில் வந்தவைதான். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை புதன்கிழமைதோறும் அரசிதழை வெளியிடுகிறது. காத்திருக்க முடியாதவை சிறப்பு வெளியீடாக வரும். வெளியிடாத சட்டம் சட்டமே இல்லை என்பது இந்த நாட்டில் உறுதியான கொள்கை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-ல் அபின் சட்டம் ஒன்றை அமைச்சரவைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள், எங்கும் வெளியிடவில்லை. அதன்படி ஹர்லா என்பவருக்குத் தண்டனை கொடுத்தது செல்லாது என்று 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெரிவிக்காத சட்டத்துக்காக ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்பதுதான் அடிப்படை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவில், ஒவ்வொரு அலுவலகமும் தான் பின்பற்றும் விதிகளையும் அறிவுரைகளையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. சரி, வெளியிட்டாயிற்று. ஆனாலும் சாதாரண ஆளுக்குத் தெரியவில்லை. எங்கே விட்டுப்போகிறது?

இதற்கு விடை எனக்கு ஐயாவிடமிருந்து கிடைத்தது. என் அப்பாவைப் பெற்றவர். பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலைக்கு, சேர்ந்தவர். போர் வந்து ஊர் திரும்பிய பிறகு கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். சின்ன வயதில் அவர் கணக்கு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார். சிட்டையில் அடித்தல் திருத்தல் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் இன்னொரு வரி எழுதித்தான் சரி செய்வார். சாயங்காலம் சிட்டையிலிருந்து ஒவ்வொரு வரியையும் ஆள் வாரியாகப் பேரேட்டுக்குப் பெயர்ப்பார். பெயர்த்த வரிக்குப் பக்கத்தில் சிட்டைப் பக்க எண்ணைப் போடுவார். வாசலில் ஒருவர் வந்து “என் கணக்கு எவ்வளவு நிற்குது?” என்று கேட்டால் சிட்டையைத் தூக்கிக் கொடுக்க மாட்டார். பேரேட்டைத்தான் விரிப்பார். சந்தேகம் வந்தால் மட்டும் பக்க எண்ணைப் பார்த்துச் சிட்டைக்குப் போவார்.

அரசிதழ் சிட்டை. நாம் மக்களுக்குச் சிட்டையை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பேரேடு எழுதவே இல்லை.

இதை அடுத்த கூட்டத்தில் இப்படியே சொன்னேன். எக்ஸ்எம்எல் (வாசகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்க்குறி போடும் முறை), தரவு மாதிரி என்று இரண்டு மாதமாக நான் சொல்லிப் புரியாதது, இரண்டு நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. சட்ட ஆவணங்களுக்கென்றே அகோமா இன்டோசோ என்று ஒரு எக்ஸ்எம்எல் தரம் இருக்கிறது. 2018-ல், இப்படித் தரங்களை வகுக்கும் ஓயசிஸ் என்ற அமைப்பு அதை ஏற்றது. விதி, உள்விதி, வரம்புரை (விதிக்கு விலக்கோ நிபந்தனையோ சொல்லும் பகுதி) ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுத்து, எந்தத் திருத்தம் எந்த வரியைத் தொட்டது என்று எழுதிவைக்க அதில் வழி இருக்கிறது. பக்க எண் போட்டுப் பேரேடு எழுதுகிற வேலையேதான்.

திரை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தேவகோட்டையில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரைத் துறை எங்களுக்கு ஆலோசகராகக் கொடுத்திருந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் தன் விதிப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். இரண்டு மடங்கு தடித்துப் போயிருந்தது. திருத்தம் வரும்போதெல்லாம் திருத்தச் சீட்டை வெட்டி, மைதாப் பசை தடவி, அந்தந்த விதியின் மேல் ஒட்டியிருந்தார். முழுக்க ஒட்டவில்லை. இடது ஓரம் மட்டும். சீட்டை விரலால் தூக்கினால் அடியில் பழைய வாசகம். ஒரு விதியின் மேல் நாலு சீட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் அரசாணை எண்.

“ஏன் சார், முழுசா ஒட்டலாமே?”

“ஏம்மா, 1994-ல வேலைக்குச் சேர்ந்தவனுக்கு 1994-ல இருந்த விதிதானே பேசும்? அதை மூடிட்டா அவன் கோப்பை எப்படிப் பார்க்கிறது?”

எங்கள் திரையிலும் இன்றைய வாசகம் மேலே இருக்கிறது. தேதியைப் பின்னால் தள்ளினால் சீட்டைத் தூக்குவது போல அன்றைய வாசகம் வரும்.

எங்கள் முதல் பதிப்பில் ஒரு பெரிய தவறு இருந்ததையும் அவர்தான் பிடித்தார். திருத்தங்களை அரசாணைத் தேதிப்படி அடுக்கியிருந்தோம். ஒரு திருத்தத்துக்கு மூன்று தேதிகள் உண்டு: ஆணை பிறந்த தேதி, அரசிதழில் வந்த தேதி, நடைமுறைக்கு வரும் தேதி. சிலவற்றில் முன் தேதியிட்டு ‘நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்’ என்று இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை நாங்கள் இரண்டு வருடம் தள்ளி வைத்திருந்தோம். அந்த இரண்டு வருடத்தில் பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களை எங்கள் பக்கம் தகுதியில்லை என்று காட்டியது. பக்கம் அப்போது மக்கள் பார்வைக்குப் போகவில்லை. இருந்தாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க எல்லாத் திருத்தங்களுக்கும் மூன்று தேதிகளையும் தனித்தனியாகப் பதிந்தோம்.

எங்கள் துறைக்கு வெளியே இது எவ்வளவு தேவை என்பதை ஒவ்வொரு தையிலும் பார்க்கிறேன். சிராவயல் பக்கத்துக் கிராமத்தில் என் மாமா மகன் மஞ்சுவிரட்டுக் குழுவில் இருக்கிறான். ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2017-ன் ஜல்லிக்கட்டு நடத்தும் விதிகளைப் படிக்க வேண்டும். அவனிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த பக்கங்களின் போட்டோ. எந்த வருடத்து நகல், பிறகு திருத்தம் வந்ததா, எதுவும் அதில் இல்லை. “அக்கா, இது இன்னும் செல்லுமா?” என்று கேட்கிறான். உயிர் சம்பந்தப்பட்ட விளையாட்டு. அவனுக்குத் தேதி போட்ட ஒரே ஒரு பக்கம் கிடைக்க வேண்டும். அவன் கேட்பது அவ்வளவுதான்.

துறையில் கடைசி வரை இழுத்த பேச்சு ஒன்று. ஒருங்கிணைத்த வாசகத்தில் பிழை இருந்து யாராவது வழக்குப் போட்டால் யார் பொறுப்பு? நியாயமான பயம். சட்டப்படி செல்லுபடியாவது அரசிதழ்தான். எங்கள் பக்கம் படிக்கிற வசதிக்கு. அதை மறைக்காமல் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போட்டோம். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதையும் போட்டோம். திருத்திய ஒவ்வொரு வரியும் அதன் அரசிதழ்ப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தது. ஐயா போட்ட சிட்டைப் பக்க எண்ணின் இடத்தில் அதை வைத்தேன்.

போன மாதம் கண்காணிப்பாளர் இன்னொரு புத்தகம் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து ஒரு சீட்டு பசை விட்டு விழுந்தது. எந்த விதிக்கு உரியது என்பது சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. அரசாணை எண் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பென்டிரைவில் அந்தத் திருத்தம் இல்லை. அந்த வருடத்து அரசிதழ்த் தொகுதிகளை ஜனவரி முதல் வாரத்திலிருந்து புதன் புதனாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இப்போது ஆகஸ்டில் இருக்கிறேன்.