சுற்றும், சுடாது: பேஸ்மென்ட் வீட்டு ட்ரையர்

கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் பேஸ்மென்ட் (நிலக்கீழ் வீடு) வாடகைக்கு எடுக்கும் எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போகும்போது குசினியைப் பார்ப்பார்கள், குளியலறையைப் பார்ப்பார்கள். துணி காயவைக்கும் மெஷினான ட்ரையரின் பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. வாடகை பேச முன்னரே அதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை வெளியில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட முடியாது. நிலக்கீழ் வீட்டுக்குள் ஈரத்துணியைத் தொங்கவிட்டால், அந்தச் சின்ன ஜன்னல்களில் தண்ணீர் வழிந்து சுவர் மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைகள் பனியில் நனைத்துக்கொண்டு வரும் கையுறைகள் மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நான் உடுப்புக் காய்வதைப் பற்றி யோசித்ததே கிடையாது. இங்கே அது தினப்பாடு.

எங்கள் ட்ரையர் நின்றுபோகவில்லை. விளக்கு எரிந்தது, உருளை சுற்றியது, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் துணி ஈரமாகவும் குளிர்ந்தும் கிடந்தது. மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

“மெஷின் பழசு, தம்பி. இனி வேறு ஒன்றுதான் வாங்க வேண்டும்.”

“கொஞ்சம் பொறுங்கள், அண்ணை. மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. சூடு மட்டும்தான் வரவில்லை.”

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, இந்த நாட்டு மின்சாரம் வீட்டுக்குள் வரும் விதத்தை அறிய வேண்டும். இலங்கையில் சாதாரண வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஓர் உயிர்க்கம்பியும் அது திரும்பிப் போகும் ஒரு நொதுமல் (நியூட்ரல்) கம்பியும் வரும். அவற்றுக்கு இடையே 230 வோல்ட். கனடாவில் உயிர்க்கம்பிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நொதுமல் கம்பிக்கும் இடையே 120 வோல்ட், இரண்டு உயிர்க்கம்பிகளுக்கும் இடையே 240 வோல்ட். சுவரில் உள்ள சாதாரணச் செருகிகள் எல்லாம் 120. ட்ரையருக்குப் பெரிய தனிச் செருகியும் 30 அம்பியர் இரட்டை பிரேக்கரும் (மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கும். மோட்டாருக்கும் விளக்குக்கும் ஓர் உயிர்க்கம்பியின் 120 போதும். சூடேற்றும் சுருளுக்கு 240 முழுவதும் வேண்டும். ஆகவே மற்ற உயிர்க்கம்பி விட்டுப்போனாலும் உருளை எந்தக் குறையும் இல்லாததுபோலச் சுற்றும். சுருள் மட்டும் குளிர்ந்து கிடக்கும்.

முதலில், ட்ரையரின் திருப்பும் குமிழ் வெப்பமில்லாத நிலையில் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பிரேக்கர் பெட்டி. விழுந்த பிரேக்கரின் பிடி பெரும்பாலும் நடுவில் நிற்கும்; பார்வைக்குச் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதை முழுவதும் அணைத்துவிட்டுப் பின்னர் போட வேண்டும். பழைய வீடுகளில் பிரேக்கருக்குப் பதிலாக இரண்டு குழாய் பியூஸ்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மட்டும் எரிந்துபோனாலும் இதே கதை நடக்கலாம். போட்ட பிரேக்கர் மறுபடி விழுந்தாலோ, செருகியில் கருகிய மணம் வந்தாலோ, அதற்கு மேல் கை வைக்காமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

எங்கள் பிரேக்கரில் குறை இல்லை. மெஷினை ஓடவிட்டு வெளியே போய், சுவரில் காற்று வெளியேறும் மூடிக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு காசும் செலவில்லாத இந்தச் சோதனை நிறையச் சொல்லும். காற்று பலமாகவும் குளிராகவும் வந்தால் பழுது சூடேற்றும் பகுதியில் அல்லது மின்சாரத்தில். சூடாக இருந்தும் பலமில்லாமல் வந்தால், காற்றை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைத்திருக்கிறது. எங்களுக்குச் சூடும் இல்லை, பலமும் இல்லை. மூடியைச் சுற்றிப் பனி குவிந்திருந்தது. அதன் மடல்களுக்குப் பின்னால் பஞ்சுத்தூசி ஈரத்தில் ஊறி இறுகிப்போயிருந்தது. உள்ளே, மாடிப்படிக்குக் கீழே வளைந்து வளைந்து போன மெல்லிய பளபளப்புத்தாள் குழாய், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

காற்று போக வழியில்லாவிட்டால் வெப்பம் சுருள் இருக்கும் பெட்டியிலேயே தேங்கும். வெப்பம் எல்லை தாண்டும்போது அங்கிருக்கும் வெப்பப் பியூஸ் சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தீப்பிடிக்காமல் காப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அறுந்தால் அது மீண்டும் இணையாது. புதிதுதான் போட வேண்டும். அதை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கி இணைத்து ஓட்டுவோர் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்ய விடவும் வேண்டாம். மேலே ஒரு குடும்பமும் கீழே ஒரு குடும்பமும் உறங்கும் வீடு அது.

பிரேக்கரை அணைத்து, மெஷினின் செருகியையும் கழற்றிய பிறகுதான் பின்தகட்டைத் திறந்தோம். வீட்டுக்காரர் விளக்குப் பிடித்தார். சோதிக்கும் பாகத்தின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை (மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி) வைத்தால், நல்ல பியூஸ் ஏறக்குறைய பூச்சியம் ஓம் காட்டும்; நல்ல சுருள் பெரும்பாலும் பத்து ஓம் அளவில் காட்டும். எங்கள் சுருள் நன்றாக இருந்தது, பியூஸ் அறுந்திருந்தது. அதனுடன் சேர்த்து, சூடு மிஞ்சும்போது சுருளை அணைக்கும் உச்சவெப்ப தெர்மோஸ்டாட்டையும் மாற்றினோம். பல மெஷின்களுக்கு இரண்டையும் ஒரே பொதியாகவே விற்கிறார்கள்.

ஆனால் பியூஸை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டிருந்தால் அது மறுபடி அறுந்திருக்கும். அதனால் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, நான்கு அங்குல விட்டமுள்ள உறுதியான தகரக் குழாயை முடிந்தவரை நேராகப் போட்டோம். மூட்டுகளுக்கு அலுமினியத் தாள் டேப் ஒட்ட வேண்டும். குழாய்க்குள் முனை நீட்டும் திருகாணிகள் கூடாது. அந்த முனைகளில்தான் பஞ்சு சிக்கிச் சேரும். வெளிமூடியில் வலை அடிப்பதும் கூடாது.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டோடு சேர்த்துக் கொடுத்த ட்ரையரை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. புதிதாக வந்தவர்கள், கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஈரத்துணியோடு மாதக்கணக்கில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அது மனதை வருத்துகிறது. எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்திருங்கள்.

உங்கள் பங்குக்கு ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடையுங்கள். துணியோடு ட்ரையருக்குள் வாசனைத் தாள் போடுபவர்கள் அந்த வடிகட்டி வலையை அவ்வப்போது சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும். தாளின் மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் அதில் படிந்து காற்றைத் தடுக்கும். ஒரு சுற்றில் காய்ந்த துணிக்கு இரண்டு சுற்று தேவைப்படத் தொடங்கினால், பியூஸ் அறும்வரை காத்திராமல் அன்றைக்கே குழாயைப் பாருங்கள். மின்கட்டணம் நேரத்துக்கு ஏற்ப மாறும் வீடுகளில், வார நாட்களில் இரவு ஏழு மணிக்குப் பிறகு கட்டணம் குறைவு என்பதால் பலர் ட்ரையரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். ஏழு மணிக்கே போட்டு, அது ஓடி முடிந்த பிறகு படுங்கள். மிச்சத் துணி சனி, ஞாயிறு வரை இருக்கட்டும். அந்த இரண்டு நாளும் முழுநாளும் அதே குறைந்த கட்டணம்தான்.