பால் ஹாலான கதை

பெங்களூருக்கு அம்மா வந்து நாலு நாள் ஆகிறது. காலையில் கடைக்காரர் "ஹாலு பேக்கா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். "பாலு வேணுமான்னு கேக்குறார்மா" என்றேன். "அதை வாயில பகரம் வெச்சே கேக்கலாமே!" என்றார் அம்மா.

விஷயம் அவ்வளவுதான். சொல்லின் முதலில் வரும் நம் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிடும். பூ ஹூவு, பல் ஹல்லு, போ ஹோகு, ஊர்ப் பெயர்களில் வரும் பள்ளி ஹள்ளி (பெங்களூரின் மாரத்தஹள்ளி நினைவுக்கு வருகிறதா?). புலி ஹுலி, புளிப்பு ஹுளி. லகரம், ளகரம் தடுமாறினால் சாம்பாருக்குள் புலி வந்துவிடும், கவனம்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழங்கன்னடத்தில் இவையெல்லாம் பகரம்தான். பிற்பாடு உதடு சேர்வது நின்று வெறும் மூச்சானது. ஆனால் உப்பு உப்பாகவே இருக்கிறது, அப்பாவும் அப்பாதான். இரட்டித்த பகரத்தை மூச்சால் அசைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்கோ இன்றும் பாலு, புலி என்றே சொல்கிறது.

அம்மாவுக்கு இதைச் சொன்னதும், "அப்ப அவங்கதான் மாத்திட்டாங்க" என்று ஒரே போடு. அதுவும் சரியில்லை. காதுக்குக் கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே பழைய ககரத்தை வைத்திருப்பவர்கள் அவர்கள், சகரமாக்கியது நாம். அசோகர் கல்வெட்டில் கேரளபுத்திரர், நம்மிடம் சேரர்.

இன்று காலை அம்மாவே கடைக்குப் போனார். திரும்பி வந்து, "ஒரு ஹாக்கெட் ஹாலு" என்று கேட்டதாகச் சொன்னார். பாக்கெட்டுக்கு அந்த விதி கிடையாது என்று நான் இன்னும் சொல்லவில்லை.