முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு சிவப்பு வெல்வெட் மேலாடை இருக்கிறது. குருவானவர்கள் திருவிழா நாளில் தோள்மேல் போர்த்திக்கொள்ளும் அரைவட்ட உடை. பட்லர்-பவுடன் கோப் என்பார்கள். 1330-க்கும் 1350-க்கும் இடையில் இங்கிலாந்தில் தைத்தது. அதில் வரிசையாக நிற்கும் புனிதர்களில் யாரெல்லாம் வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள், என்று விளக்க அட்டையைப் படிக்காமலே கண்டுபிடிக்க ஆசைப்பட்டு, நோட்டும் பென்சிலுமாக மூன்று சனிக்கிழமை போனேன்.

முதல் நாள் முழுக்க முகங்களிலேயே போய்விட்டது. கன்னத்தில் பட்டு இழை நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒவ்வொரு தையலும் முந்தின தையலின் இழையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. அந்தச் சுழியால்தான் கன்னம் உப்பித் தெரிகிறது. எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் எல்லாருக்கும் அதே சுழி, அதே பெரிய கண். முகத்தை வைத்து ஒருவர் பெயரையும் சொல்ல முடியவில்லை.

அப்புறம்தான் ஊர்க் கோயில் சுரூபங்கள் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் செபஸ்தியாரை அம்பை வைத்தும், சின்னப்பரை வாளை வைத்தும்தானே அடையாளம் தெரிந்துகொண்டோம்? அடுத்த வாரம் கைகளையும் காலடியையும் மட்டும் பார்த்தேன். சக்கரம் என்றால் கத்தரீனம்மாள். காலடியில் டிராகன் என்றால் மார்கரெட். உரிக்கும் கத்தி என்றால் பர்த்தலமேயு. வேலை வேகமாக நடந்தது.

லாரன்சும் முடியப்பரும்தான் கொஞ்சம் படுத்தினார்கள். இருவரும் திருத்தொண்டர்கள் (குருக்களுக்கு உதவும் டீக்கன்கள்), இருவருக்கும் அகலக் கை வைத்த ஒரே மாதிரி அங்கி, தாடியில்லாத இளமுகம். இரும்புக் கம்பிச் சட்டம் வைத்திருப்பவர் லாரன்ஸ். 258-இல் ரோமில் கொல்லப்பட்டவர். அவரைக் கம்பிமேல் கிடத்திச் சுட்டார்கள் என்பது மரபு. கல் வைத்திருப்பவர் முடியப்பர். நூல் தேய்ந்துபோன கல் அப்பம் மாதிரியும் தெரியும், அவசரப்படக் கூடாது.

ராஜாக்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கிரீடம் எல்லாருக்கும் ஒன்றுதான். அம்பு வைத்திருந்தால் எட்மண்ட். 869-இல் டேனியர்கள் கையில் உயிரை விட்டவர். மோதிரம் வைத்திருந்தால் எட்வர்ட். அவர் 1066-இல் நோயில் படுத்து இறந்தவர், புனிதர்தான், வேதசாட்சி இல்லை. இங்கிலாந்துத் தையலில் இந்த இருவரும் அடிக்கடி வருவார்கள்.

இன்னொன்று. இந்த ஆடையை ஒரு காலத்தில் வெட்டி வேறு பூசை உடுப்புகளாகத் தைத்துவிட்டார்கள். பிறகு துண்டுகளைத் தேடிச் சேர்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அதனால் ஓர் உருவத்தின் கை காலியாகத் தெரிந்தால், முதலில் பக்கத்தில் இணைப்புத் தையல் ஓடுகிறதா என்று பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஆயர்களிடம் (பிஷப்புகளிடம்) மாட்டிக்கொண்டேன். உயரமான கூர்த்தொப்பி, வளைகோல், ஆசி வழங்கும் கை: எல்லாம் எல்லாருக்கும் பொது. ஒருவர் காண்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டாக இருக்கலாம் என்று மனம் சொன்னது. தனி அடையாளம் இல்லாமல் பெயர் எழுத மனம் வரவில்லை. கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு இத்தாலியில் பொலோஞா போனபோது அங்கே மத்தியகால அருங்காட்சியகத்தில் இன்னொரு கோப் பார்த்தேன். அதுவும் இங்கிலாந்தில் தைத்ததுதான். பெரும்பாலும் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள். நடுவே ஒரு கட்டம் மட்டும் பொருந்தவில்லை: வாளோடு வீரர்கள் ஓர் ஆயரை வெட்டுகிறார்கள். கவசத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ரோமப் படைவீரனுக்கும் இதே உடைதான் தைப்பார்கள். ஆனால் வெட்டு விழுவது பீடத்துக்கு முன்னால். கோயிலுக்குள் வெட்டுப்பட்ட ஆங்கிலேய ஆயர் என்றால், 1170 டிசம்பர் 29, காண்டர்பரி பேராலயம்.

1538-இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் உருவங்களை எங்கும் அகற்றச் சொல்லி ஆணையிட்டார். புத்தகங்களில் பெயரைக்கூடச் சுரண்டி எடுத்தார்கள். இந்தத் துணி அதற்கு வெகுகாலம் முன்பே இத்தாலிக்கு வந்துவிட்டதால் தப்பித்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தக் கட்டத்துக்கு நேராக நின்று, அவர் பெயரை எழுதினேன்.