முறிந்த பியானோ ஹேமர் தண்டு: வெட்டும் கருவியைவிடப் பிடிக்கும் கருவி முக்கியம்

அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோவில் தந்தியை அடிக்கும் சுத்தியல்தான் ஹேமர்; அதன் தண்டு ஒரு ஒல்லியான உருளைக்குச்சிதான். விட்டம் பெரும்பாலும் 5.5 மி.மீ. ஒரு முனை 'பட்' என்ற சிறு மரக்கட்டைக்குள்ளும், மறுமுனை ஹேமர் தலைக்குள்ளும் பசையால் நிற்கும். முறிந்தால் புதுக்குச்சி செருகுவது சுலபம். பழைய துண்டைத் துளையிலிருந்து எடுப்பதில்தான் வேலையே கெடுகிறது.

முதல் முயற்சியில் பட் கட்டையை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, 5.5 மி.மீ. பிட்டால் நேராகத் துளைத்தோம். பிட் ஒரு பக்கமாக ஓடிவிட்டது. காய்ந்த பசை கடினம், மரம் மென்மை. மென்மையான பக்கம்தான் பிட்டை இழுக்கும். போதாக்குறைக்கு வைஸின் தாடை பட்டிலிருந்த தோலையும் நசுக்கியது.

அடுத்த முறை பிட் ஓடாமலிருக்கக் கட்டை வழிகாட்டி செய்தோம். இரண்டு மரத்துண்டுகளைத் திருகால் இறுக்கி, சேருமிடக் கோட்டிலேயே 5.5 மி.மீ. துளை போட வேண்டும். பிரித்தால் ஆளுக்குப் பாதிப் பள்ளம். முறியாத பக்கத்து ஹேமரைக் கழற்றி, அதன் தண்டை இந்தப் பள்ளத்தில் கவ்வவிட்டு, பட் உட்காரும் இடத்தைப் பலகையில் நிறுத்தக்கட்டைகளால் குறித்துவிடுங்கள். பிறகு அதே இடத்தில் முறிந்த பட். கோணத்தை அளக்கவே வேண்டாம், நல்ல ஹேமரே சொல்லிவிடுகிறது.

துளைக்கும் முன், முறிந்த முனையை மெல்லிய ரம்பத்தால் அறுத்து அரத்தால் மட்டமாக்குங்கள். மேடுபள்ளத்தில் பிட் வழுக்கும். 2 மி.மீ. பிட்டை முதலில் விடுங்கள்; அது நடுவில் நிற்க, வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள பித்தளைக் குழலை வழிகாட்டியில் செருகலாம். அடுத்து 3.5, கடைசியாக 5.5. மின்சார ட்ரில்லைவிடக் கைத்துரப்பணம் மேல். பசை அடுக்கைத் தொட்டவுடன் கையிலேயே தெரியும்.

குச்சிக்கு மேப்பிளை அறுக்காமல் உளியால் பிளப்பது நல்லது. நார் முனையிலிருந்து முனைவரை ஓடும், எளிதில் முறியாது. 3 மி.மீ. எஃகுத் தகட்டில் 6.0, 5.8, 5.6, 5.5 எனத் துளைகள் போட்டு வரிசையாகக் குச்சியை அடித்து இறக்குங்கள். கடையில் வாங்கும் குச்சி வட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பரைச் சுழற்றி இரண்டு பக்கமும் பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் சமமாகச் சுருங்குவதில்லை.

இறுக்கமான குச்சியில் பசை தடவி அடித்தால், வெளியேற வழியில்லாத பசை ஹேமர் தலையின் மரத்தையே பிளந்துவிடும். சொரசொரப்பான இரண்டு அரங்களுக்கு நடுவே குச்சியின் முனையை உருட்டுங்கள். நீளவாக்கில் வரிகள் விழும், பசை அதன் வழியே வெளியேறும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசைதான் எங்கள் தேர்வு. தலையைப் பக்கத்து ஹேமர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த ஓரிரு நிமிடம் கிடைக்கும். நாளைக்கு இன்னொருவர் சூடும் ஈரமும் காட்டிக் கழற்றவும் முடியும். சூப்பர் க்ளூவில் இரண்டும் கிடையாது.

பட் சுழலும் அச்சான சென்டர் பின்னுக்கு மட்டும் வெர்னியர் போதாது. 20-ஆம் எண் பின் 1.27 மி.மீ.; அடுத்த அரை எண்ணுக்கு வித்தியாசம் 0.025 மி.மீ.தான். மைக்ரோமீட்டர் வாங்குங்கள்.

பாக்கியிருப்பது தாழ்ந்த சுரங்களுள்ள பாஸ் பகுதி. அங்கே தந்திகள் சாய்வாக ஓடுவதால் ஹேமர் தலையும் சாய்ந்தே நிற்கும். அதற்குத் தனி வழிகாட்டி செய்ய வேண்டும்.